சரிவில் ஆறு குழி: கடப்பாரையா, ஆகரா, மெஷினா?

பண்ணைக்காட்டுப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தின் மேல்மூலையில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மர அறை போட்டோம். மருந்தடிக்கும் மெஷின், ஏணி, கயிறு, சாக்கு எல்லாம் வைக்க ஒரு பக்கம். மழை பிடித்துக்கொண்டால் இரண்டு பேர் படுக்க ஒரு பக்கம். பலகைச் சுவர், தகரக் கூரை, தரையைத் தொடாமல் ஆறு கால்மேல் நிற்கும் மரத்தளம். ஆசாரி தன் வேலையை ஒன்பது நாளில் முடித்துவிட்டார். அந்த ஆறு காலுக்கு நாலடிக் குழி எப்படித் தோண்டுவது என்று முடிவெடுக்கத்தான் எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இடையில் ஒரு வழியைக் காசு கொடுத்து முயன்று பார்த்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதும் உண்டு. மலையில் சின்னதாக மரக்கட்டடம் போட நினைப்பவர்களுக்கு நான் போட்ட கணக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

முதலில், இவ்வளவு சின்ன அறைக்கு நாலடி ஆழம் எதற்கு? வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கு உறைபனியைக் காரணம் சொல்வார்கள். அங்கே குளிர்காலத்தில் நிலம் இரண்டு, மூன்று அடிக்கு உறைந்து உப்பித் தூணை மேலே தள்ளும். அதனால் உறையும் ஆழத்துக்குக் கீழே போகிறார்கள். நமக்கு மார்கழி, தையில் மன்னவனூர்ப் பக்கம் புல்மேல் வெள்ளையாகப் பிடிக்கும், வெயில் ஏறினால் போய்விடும். மண்ணுக்குள் ஆழமாக இறங்காது. கோவில்பட்டிக் கரிசல் மாதிரி மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் மண்ணும் இல்லை. இங்குள்ள செங்களி அந்த அளவு உப்பாது. அப்படியானால் நாலடி எதற்கு?

சரிவுக்காக. மேலே ஓர் அடி, ஒன்றரை அடிக்கு வேரும் மக்கிய இலையுமாகக் கருமண். கையால் அள்ளலாம், அவ்வளவு பொலபொலப்பு. அது ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகரும். பழைய வேலிக்கால்கள் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அதற்குக் கீழே செங்களி. அதற்கும் கீழே, கடப்பாரை கரகரவென்று இறங்கும் சரளை. தூணின் அடி செங்களியின் கீழ்ப்பாதியிலாவது உட்கார வேண்டும். படிக்கட்டு மாதிரி வெட்டிச் சமப்படுத்திய இடமென்றால் இன்னும் கவனம் வேண்டும். உள்பக்கம் வெட்டிய மண், வெளிப்பக்கம் கொட்டிய மண். ஒரே தளத்தில் நின்றாலும் இரண்டும் ஒன்றல்ல. கொட்டிய மண் மூன்றடி இருந்தால் அந்தப் பக்கத் தூண் மூன்றடியைச் சும்மா கடந்து, அதற்கப்புறம்தான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு காரணம் காற்று. 2018 நவம்பரில் வேதாரண்யத்தில் கரையேறிய கஜா புயல் கொடைக்கானல் மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. கல்வீட்டுக்கு அதன் எடையே பிடிமானம். பலகையும் தகரமுமான அறைக்கு அது கிடையாது. அதைக் கீழே இழுத்துப் பிடிக்கவும் தூண் வேண்டும்.

பொக்லைன் பேச்சை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கனரக இயந்திரங்களை மலையில் அனுமதி வாங்காமல் இறக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் எங்கள் மேல்மூலைக்கு வர அதற்கு ஒரு பாதை வெட்ட வேண்டும். ஆறு குழிக்காகப் பாதை வெட்டினால் அடுத்த மழைக்கு அந்தப் பாதையே ஓடையாகிவிடும்.

மண்ணைத் திருகித் துளைக்கும் ஆகர் வேறு. பெட்ரோலில் ஓடும் ஆகர் மெஷின் அப்படி ஒதுக்கக் கூடியதல்ல. சமவெளியில் தென்னை வைப்பவர்கள், வேலி போடுபவர்கள் அதைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். 52 சிசி, 63 சிசி என்று வரும்; எட்டு அங்குலம், பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலத் திருகு மாட்டலாம். கல் இல்லாத செம்மண்ணில் இரண்டரை அடி இறக்க ஐந்து நிமிடம் ஆகாது. நானும் கீழே போய் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்தேன்.

மேலே கொண்டுவந்த பிறகுதான் அதன் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உயரம் ஏற ஏற இந்த மாதிரிச் சின்ன இன்ஜின்களுக்கு மூச்சு வாங்கும். ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல சக்தி குறையும் என்பது கணக்கு. ஏழாயிரம் அடியில் இருக்கும் கொடைக்கானலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பன்னிரண்டு அங்குலத் திருகை ஈரக்களியில் சுற்ற, குறைந்துபோன அந்த ஐந்தில் ஒரு பங்கும் தேவைப்படும். அடுத்தது சரிவு. இரண்டு பேர் எதிரெதிராக நின்று பிடிக்க வேண்டிய மெஷின் அது. சரிவில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்றால் கீழே நிற்பவருக்குக் கைப்பிடி நெஞ்சுக்கு வரும். திருகின் நீளமும் இரண்டரை அடிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதற்கு மேல் போக ராடு சேர்க்க வேண்டும். ராடு சேர்த்த திருகை மண்ணோடு தூக்கி வெளியே எடுக்க இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே, கல். பழனி மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்தக் கல்தான். அவர் பெயரே பாறைக்கும் வந்துவிட்டது. இது வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து மண்ணாகும். உரியாமல் மிஞ்சிய நடுப்பகுதி உருண்டைக் கல்லாகக் களிக்குள் ஒளிந்திருக்கும். இரண்டாவது குழியில் இரண்டடிக்குக் கீழே திருகு அப்படி ஒரு கல்லின் ஓரத்தைக் கவ்விக்கொண்டது. திருகு நின்றது, மெஷின் சுற்றியது. என் கை மெஷினோடு போனது. வாடகைக்குக் கொடுத்தவர் “கல்லு இல்லாத எடந்தானே?” என்று கேட்டிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சொந்த நிலத்தில் கல் இருக்கிறதா என்று ஒரு முறைகூடக் கடப்பாரையைக் குத்திப் பார்க்காதது நான்தான்.

ஆக, மெஷின் யாருக்கு? கல் இல்லை என்று குத்திப் பார்த்து உறுதி செய்தவர்களுக்கு, நிலம் ஓரளவு சமமாக இருப்பவர்களுக்கு, இருபது முப்பது குழி போட வேண்டியவர்களுக்கு. ஆறு குழிக்கு, கீழே இருந்து கொண்டுவந்து திருப்பிக் கொடுக்கும் வண்டிச் செலவே கட்டாது.

கையால் திருகும் ஆகர் இதன் அமைதியான தம்பி. டி வடிவக் கைப்பிடி, அடியில் இரண்டு இலை. எடை குறைவு, உதறாது, கல்லில் பட்டால் சும்மா நின்றுவிடும். கல்லில்லாத களியில் ஆறு அங்குலம், எட்டு அங்குலக் குழிக்கு இதைவிடச் சுத்தமான கருவி கிடையாது. ஆனால் விரலளவு சில்வர் ஓக் வேர் குறுக்கே வந்தால்கூட இது திணறும். எங்கள் தோட்டத்தில் எங்கே குத்தினாலும் சில்வர் ஓக் வேர்தான், நிழல் மரம் அதுதானே. ஆனாலும் ஒன்று கையில் இருப்பது நல்லது என்பேன். தோண்ட அல்ல, துழாவிப் பார்க்க. குழி போட நினைக்கும் இடத்தில் நாலடி துளைத்து, எந்த ஆழத்தில் கருமண் முடிகிறது, களி எங்கே தொடங்குகிறது, ஈரம் எங்கே கசிகிறது என்று வெளியே வரும் மண்ணைப் பிசைந்து பார்த்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

இரண்டு கரண்டியை எதிரெதிரே சேர்த்த மாதிரி ஒரு குழிக்கருவி இணையத்தில் விற்கிறார்கள். கைப்பிடிகளை விரித்தால் வாய் மூடி மண்ணைக் கவ்வும். பார்க்க அழகாக இருக்கும். குழி மூன்றடியைத் தாண்டியதும் கைப்பிடியை விரிக்க இடமில்லாமல் குழியின் உதட்டில் இடிக்கும். அதற்காகக் குழியின் வாயை அகலப்படுத்தினால் ஒடுங்கிய குழி தோண்டும் நோக்கமே போய்விடும். மூன்றடி வேலிக்கால் போடுபவர்கள் தாராளமாக வாங்கலாம்.

மிச்சம் இருப்பது கடப்பாரை. இதிலும் இரண்டு வழி உண்டு. உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்.

ஒன்று, கொத்தனார் சொல்லும் வழி. இரண்டரைக்கு இரண்டரை அடி சதுரக் குழி, நாலடி ஆழம். ஆள் உள்ளே இறங்கி பிக்காசும் மண்வெட்டியுமாக வெட்டிச் சட்டியில் அள்ளி மேலே கொடுப்பார். அடியில் கம்பி வலை போட்டுக் கான்கிரீட் மெத்தை, அதிலிருந்து ஒரு தூண், சுற்றி மண்ணைத் தள்ளி மூடிவிடுவது. வீட்டுக்கு வானம் தோண்டிப் பழகிய கைக்கு இதுதான் இயல்பாக வரும். உள்ளே இறங்கி நிற்பதால் கல்லைக் கண்ணால் பார்க்கலாம், நெம்பலாம், சம்மட்டியால் உடைக்கலாம். ஆள் பிடிப்பதும் சுலபம், யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

கணக்குப் போட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு குழியில் 25 கன அடி மண். ஆறு குழியில் 150. ஒரு கன அடி மண் ஏறக்குறைய 48 கிலோ. மொத்தம் ஏழு டன். வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்காவது கூடுதலாக இடம் பிடிக்கும். சமவெளியில் இதைப் பக்கத்தில் குவித்துவிட்டு மறந்துவிடலாம். சரிவில் எங்கே குவிப்பது? மேல்பக்கம் குவித்தால் குழிக்குள்ளேயே சரியும். கீழ்ப்பக்கம் குவித்தால் முதல் மழைக்கே கீழ்வரிசைக் காப்பிச் செடி மேல் போய் உட்காரும்.

அதைவிடப் பெரிய சங்கடம் திருப்பி மூடும் மண். நூறு வருடம் அழுந்திக் கிடந்த களியை வெட்டி எடுத்துத் திரும்பக் கொட்டினால் அது பழைய களியாகாது. அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் தெளித்துக் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். கூலி ஆட்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதைச் செய்ய மாட்டார்கள், மொத்தமாகத் தள்ளி மிதித்துவிட்டுப் போவார்கள். மழைத் தண்ணீர் அந்தப் பொலபொலத்த சதுரத்தைத் தேடிப் போய் நிற்கும். சரிவில் ஆறு தண்ணீர்த் தொட்டியைப் புதைத்துவைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தூணை நட்ட மாதிரி.

ஆள் உள்ளே இறங்குவதையும் யோசிக்க வேண்டும். நாலடியில் நெஞ்சு வெளியே இருக்கும், பரவாயில்லை. கொட்டிய மண்ணைத் தாண்ட ஐந்தடி, ஆறடி போக வேண்டி வந்தால் கதையே வேறு. ஒன்றரை மீட்டருக்கு மேல் தோண்டினால் பக்கங்களுக்குப் பலகை கொடுத்து முட்டுக்கட்ட வேண்டும் என்பது கட்டட விதி. 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் பக்கம் காந்தி நகரில் கட்டுமான வேலை நடந்த இடத்தில் பழைய கட்டடம் சரிந்து விழுந்து ஆறு பெண்கள் இறந்தார்கள். அடியில் தோண்டும்போது மேலே என்ன நிற்கிறது என்று நிமிர்ந்து பார்க்காமல் மலையில் மண்வெட்டியை எடுக்கவே கூடாது.

இரண்டாவது வழியை எனக்குக் காட்டியவர் பந்தல்கல் நடும் மாமா ஒருவர். சௌசௌ பந்தலுக்கும் கீழே திராட்சைப் பந்தலுக்கும் கல்தூண் நட்டே காலம் தள்ளியவர். என் சுளுக்கிய கையையும் சதுரக் குழிக் கணக்கையும் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: “எடுக்காத மண்ணுதான் தம்பி தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நீ ஏன் எல்லாத்தையும் எடுக்குற?”

அவர் வழியில் குழி ஓர் அடி விட்டம்தான். ஆள் இறங்க மாட்டார், மேலே நின்றே வேலை. கடப்பாரையை அவர் பிடிக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் செய்வது போல ஓங்கிக் குத்துவதில்லை. நெற்றி உயரத்துக்குத் தூக்கி, கையைத் தளர்த்தி, அதன் எடையிலேயே விழவிடுகிறார். கைகள் வெறும் வளையம் மாதிரி வழிகாட்டுகின்றன. விழுந்ததும் கால் சுற்றுத் திருப்பி ஓர் அசை அசைத்து எடுக்கிறார். முதலில் நடுவில் நாலைந்து குத்து, அப்புறம் ஓரத்தைச் சுற்றி. ஓரத்து மண் நடுவிலிருக்கும் பள்ளத்தில் துண்டு துண்டாகச் சரிகிறது. விளிம்பு சீவிவிட்ட மாதிரி நிற்கிறது.

மண்ணை எப்படி எடுப்பது? தோள் வரைக்கும் கை எட்டும், அதாவது இரண்டரை அடி. அதுவரை மண்டி போட்டுக் கையால் அள்ளலாம், அல்லது கொட்டாங்கச்சியால். அதற்குக் கீழே அவர் ஓர் அகப்பை வைத்திருந்தார். அகப்பை என்றால் சோற்றுப்பானை அகப்பை அல்ல. ஆறடி மூங்கிலின் நுனியில் அரை லிட்டர் பெயின்ட் டப்பாவைச் சாய்வாக வைத்து ஆணியும் கம்பியும் கட்டியது. டப்பாவின் வாயை ஒரு பக்கம் தட்டி மண்வெட்டி முனை மாதிரி ஆக்கியிருந்தார். உதிர்ந்த மண்ணுக்கு அது போதும். களி டப்பாவில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது என்பதால் பக்கத்தில் ஒரு வாளி சாம்பல். அகப்பையைச் சாம்பலில் ஒரு முக்கு முக்கி உள்ளே விட்டால் களி வழுக்கிக் கழன்று விழுகிறது. சாயங்காலம் போகும்போது ஒவ்வொரு குழியிலும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுப் போவார். காலையில் அடிக்களி வெண்ணெய் மாதிரி இல்லாவிட்டாலும் கடப்பாரைக்கு இணங்கும். ஒரு விஷயம்: கடைசி அரையடிக்கு இந்தத் தண்ணீர் வைத்தியம் வேண்டாம். தூண் உட்காரும் அடிமண் ஊறிக் குழையக் கூடாது. குழைந்திருந்தால் குழைந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கான்கிரீட் ஊற்ற வேண்டும்.

வேகம்? கல் குறுக்கிடாவிட்டால் ஒரு குழிக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அவரும் நானும் மாறி மாறிச் செய்து ஆறு குழியை மூன்று நாளில் முடித்தோம். அவர் தனியாகவே மூன்று நாளில் முடித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. சதுரக் குழியென்றால் இரண்டு ஆள் நாலு நாள் தோண்டி, அப்புறம் மூடி இறுக்க இன்னொரு நாள் ஆகியிருக்கும். கூலி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ரூபாயில் சொல்லவில்லை. ஆள்கணக்கில் பார்த்தால் ஆறுக்குப் பத்து. இந்த வழிக்கு உள்ள ஒரே குறை, கை பழகிய ஆள் வேண்டும். பந்தல்கல் நடுபவர்கள், வேலிக்கல் நடுபவர்களைத் தேடிப் பிடியுங்கள். வீட்டு வேலைக் கொத்தனாரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

அடி விரிந்த குழி

ஒடுங்கிய குழியில் எனக்கிருந்த சந்தேகம் எடையைத் தாங்குமா என்பது. பத்துக்குப் பன்னிரண்டு என்றால் பதினோரு சதுர மீட்டர். மரத்தளம், சுவர், கூரை, சாமான், ஆள் எல்லாம் சேர்த்து நாலு டன் என்று வைத்துக்கொண்டேன். நீளவாட்டில் வரிசைக்கு மூன்று என்று இரண்டு வரிசைத் தூண். நடுத்தூண் மேல் நாலில் ஒரு பங்கு, அதாவது ஒரு டன் இறங்கும். ஓர் அடி விட்டமுள்ள அடிப்பரப்பில் அந்த ஒரு டன் நின்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய பதினாலு டன் அழுத்தம். இறுகிய களி அதைத் தாங்கும், ஈரம் கண்ட களியென்றால் சந்தேகம். ஒன்பது அங்குலக் குழியென்றால் சதுர மீட்டருக்கு இருபத்துநாலு டன் ஆகிவிடும். அது வேண்டவே வேண்டாம்.

இதற்கும் மாமாவிடம் விடை இருந்தது. கடைசி முக்காலடியில் கடப்பாரையைச் சாய்த்து எல்லாப் பக்கமும் குடைந்துவிடுவது. குழி கீழே போய்ப் பானை வயிறு மாதிரி விரியும். அடி ஒன்றரை அடி விட்டமானால் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஆறு டன்னுக்கு இறங்கிவிடும். அதே அகலம் காற்றுக்கும் உதவும்: கூரையைக் காற்று தூக்கினால் தூண் உருவிக்கொண்டு வராது, மேலே இருக்கிற மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு ஆகராலும் இந்த வயிற்றைச் செய்ய முடியாது. நான் கடப்பாரைப் பக்கம் சாய்ந்ததற்குக் கடைசிக் காரணம் இதுதான். குடைய ஒரு நிபந்தனை உண்டு: அந்த இடத்தில் மண் களியாக இருக்க வேண்டும். சரளையில் குடைந்தால் பொலபொலவென்று மேலே உள்ளதும் சேர்ந்து விழும். சரளையே வந்துவிட்டால் விரிக்கவும் அவசியமில்லை, அதுவே நல்ல அடி.

ஒன்பது தூண் வைக்கலாமே, பாரம் பங்கிட்டுக்கொள்ளுமே என்று ஆசாரியிடம் கேட்டேன். அவர் மூன்று தூணை வெட்டிவிட்டு அதற்குப் பதில் குறுக்குச் சட்டங்களைப் பருமனாகப் போட்டார். ஒன்பது தூண் வைத்தால் நட்டநடுத் தூணுக்குத் தளத்தில் என்ன பங்கு வருமோ, ஆறு தூணில் பக்கவாட்டு நடுத்தூணுக்கும் அதே பங்குதான், ஆறுக்கு ஐந்தடிப் பரப்பு. தாளில் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டேன். மூன்று குழி மிச்சம்.

குழிக்குள் என்ன வைப்பது என்பதையும் தோண்டும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் குழியின் அளவு அதைப் பொறுத்தது. மரத்தையே மண்ணில் நடுவதை நான் யோசிக்கவே இல்லை. தைல மரமோ சவுக்கோ, தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் சேரும் இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். கல்தூண் மேல் எனக்கு ரொம்ப ஆசை. பந்தல்கல் அழுகாது, கரையான் தொடாது, சிமென்ட் கம்மி. ஆனால் ஏழடிக் கல்லைச் சரிவில் தூக்கிக்கொண்டு போக நாலு ஆள் வேண்டும். தலையில் சட்டத்தை முடுக்கத் துளை போட வேண்டும், துளை போடும்போது கல் பிளந்தால் போச்சு. எல்லாவற்றையும்விட, கல்லின் அடி ஒடுக்கம். குழியை விரித்துப் பயனில்லை. வேலிக்கும் பந்தலுக்கும் அது சரி, கூரையைக் காற்று தூக்கும் கட்டடத்துக்குக் கான்கிரீட்தான்.

கீழ்ப்பக்கத் தூண்கள் தரைக்கு மேலே இரண்டரை அடி உயர வேண்டியிருந்தது, எங்கள் சரிவு நாலுக்கு ஒன்று. அதையும் சேர்த்து ஆறு தூணுக்கும் 28 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஏழு மூட்டை சிமென்ட் வாங்கினேன், முக்கால் மூட்டை போல மிஞ்சியது. ஒவ்வொன்றிலும் நாலு கம்பி, தலையில் சட்டத்தைக் கவ்வும் இரும்புப் பட்டையும் போல்ட்டும். மரம் கான்கிரீட்டைத் தொடாமல் அரை அங்குல இடைவெளி.

தோண்டாமலே, சமப்படுத்திய தரையில் பெரிய கல்லை வைத்து அதன்மேல் சட்டத்தை ஏற்றுகிறவர்களும் உண்டு. நல்ல சமதரை, கோழிக்கூண்டு, விறகுக் கொட்டகை என்றால் நானும் அதையே செய்வேன். சரிவில் அந்தக் கல் மேல்மண்ணோடு சேர்ந்து நகரும். காற்றுக் கணக்கும் இடிக்கிறது: பதினைந்து சதுர மீட்டர் கூரையைப் பலமான காற்று ஒன்றரை டன் வரைக்கும் மேலே இழுக்கலாம். நிலத்தோடு எந்தக் கட்டும் இல்லாத அறைக்குத் தன் எடை மட்டும்தான் துணை, அதுவே அவ்வளவுதான் இருக்கும். எங்கள் தூண் ஒன்றுக்கு மண்ணுக்குள் மட்டும் 200 கிலோவுக்கு மேல். ஆறும் சேர்ந்து டன்னைத் தாண்டும், மண்ணின் பிடி தனி.

இனி தோண்டப் போகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். தை பிறந்து பங்குனிக்குள் தோண்டிவிடுங்கள். கார்த்திகை மழைக்குப் பின் சரிவில் ஊற்று கசியும், குழி கிணறாகும். சித்திரையில் கோடைமழை இடியோடு வரும். நூல் கட்டும்போது டேப்பைத் தரையோடு படுக்க வைக்காமல் மட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டு விடுங்கள். எங்கள் சரிவில் பத்தடியைத் தரையோடு அளந்தால் மேலே மூன்றரை அங்குலம் குறையும். மூலைக்கு மூலை 15 அடி 7½ அங்குலம் வந்தால் பத்துக்குப் பன்னிரண்டு மூலை பிசகாமல் சரியாக இருக்கிறது. நூலை அவிழ்க்காமல் முளையைக் குழியிலிருந்து இரண்டடி தள்ளி அடியுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே இடறிப் பிடுங்கிவிடுவீர்கள்.

கல் வந்தால்? “டங்” என்று கேட்டதும் அடிப்பாறை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுத் தூணை அதன்மேல் உட்கார வைத்துவிடாதீர்கள். உருண்டைக் கல்லும் அதே “டங்”தான். குழியின் ஓரமாகக் கடப்பாரையை இறக்குங்கள். ஒரு பக்கத்தில் நழுவிக் கீழே போனால் அது மிதக்கும் கல். எங்களுக்கு மூன்றாவது குழியில் இரண்டே காலடியில் ஒன்று வந்தது, தேங்காய் மூட்டை அளவு. அதற்காக அந்தக் குழியை மட்டும் சதுரமாக அகலப்படுத்தி, ஒரு நாள் முழுக்க ஆப்பும் சம்மட்டியுமாக உடைத்து எடுத்தோம். கொத்தனார் வழிக்கும் ஓர் இடம் உண்டு என்று மாமாவே ஒப்புக்கொண்டார். அந்தக் குழியில் மட்டும் பக்கவாட்டு இடைவெளியை மண்ணால் மூடாமல் உடைத்த கல்லும் கான்கிரீட்டுமாகவே நிரப்பினோம், அரை மூட்டை கூடுதல்.

கொட்டிய மண் ஐந்தடிக்கு மேல் இருக்கிற இடத்தில் ஒடுங்கிய குழி வேலைக்கு ஆகாது, அகப்பைக்கும் ஓர் எல்லை உண்டு. அங்கே முட்டுக் கொடுத்து அகலமாக இறங்குவதைவிட, அறையை நாலடி உள்பக்கம் தள்ளி வெட்டிய மண்ணுக்குக் கொண்டுபோக முடியுமா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, குழியை மூடுவது. முதல் நாள் ராத்திரி பலகையை மட்டும் போட்டுவிட்டு வந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பலகை கிடந்த இடத்தில் இல்லை, ஒரு குழியின் விளிம்பு அரைவட்டமாக உள்ளே இடிந்திருக்கிறது, ஈரமண்ணில் ஒரு சாணுக்குக் குளம்புத் தடம். காட்டுமாடு. நல்லவேளை, கால் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் மாட்டுக்கும் கேடு, எனக்கும் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிய வேலை. அன்றிலிருந்து சாயங்காலம் ஒவ்வொரு குழியிலும் மண் நிரப்பிய சாக்கு ஒன்றை இறக்கி, அதன்மேல் இன்னொன்றை வாய்வரைக்கும் நிற்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். சாக்கின் வாயில் கட்டிய கயிற்றை வெளியே விட்டிருந்ததால் காலையில் இழுத்தால் வந்துவிடும்.